ஒரு டம்ளர் வேர்ச்சாறு

மருந்துக் கம்பெனியின் வேர் கழுவும் கொட்டகையில் வேலை செய்கிறவர்களை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம். பத்து விரல் நுனியும் ஊறிச் சுருங்கி வெளுத்திருக்கும். நகக்கண்ணில் இருக்கிற மண் மட்டும் என்ன தேய்த்தாலும் போகாது. அவளும் அப்படித்தான். கல்யாணமாகி வந்த மறுமாதமே கொட்டகையில் சேர்ந்தவள், பன்னிரண்டு வருடமாக மெல்லிய பிரஷ்ஷை வைத்துக்கொண்டு வேர்களுக்குப் பல் தேய்த்துவிடுகிறாள். பல் தேய்ப்பது என்பது அவள் வைத்த பேச்சு. வேருக்குக் கழுத்து உண்டு, உடம்பு உண்டு, இரண்டு கால் உண்டு, கால் நுனியில் மயிர் மாதிரி சல்லிவேர் உண்டு. ஒன்றும் முறியக்கூடாது. வீட்டில் பிள்ளை இல்லாத குறைக்கு இங்கே நாளைக்கு நானூறு பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறேன் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

கொட்டகைச் சுவருக்கு அந்தப்பக்கம் தொட்டிக்கூடம். அவள் புருஷனுக்கு அங்கே வேலை. அவனைக் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். நாக்கு சாப்பிடப் போயிருக்கு, நாக்கைக் கேட்காமல் ஆவியைத் திறக்காதே என்று மேனேஜர் முதற்கொண்டு அப்படித்தான் பேச்சு. ஆரம்பத்தில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு அது மரியாதைப் பெயர் என்று புரிந்துபோனது.

வேரைச் சீவி, ஆவியில் வேகவைத்து, வெந்நீரில் சாறிறக்கி, அந்தச் சாற்றைக் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, அதன்பிறகு ஒரு வெள்ளைப் பொடியைக் கரைத்து ஊற்றுவார்கள். டப்பாவின் மேல் நொதி என்று போட்டிருக்கும். தொட்டி ஆட்களுக்கு அது பொடிதான். சூடு அதிகமானால் பொடி செத்துவிடும், குறைந்தால் தூங்கிவிடும் என்று கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் நேரம் வந்ததும் அவர்களே ஆவியைத் திறந்து அதைக் கொன்றும் விடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சோதனைக்கூடத்துப் பெண் விளக்கம் சொல்வாள்.

"வேர்ல இருக்கிற மருந்து மூணு சட்டை போட்டுக்கிட்டு நிக்குது. எல்லாம் சர்க்கரைச் சட்டை. அத்தனையும் போட்டுக்கிட்டு நம்ம உடம்புக்குள்ள அதால நுழைய முடியாது. பொடி ஒவ்வொரு சட்டையா கழட்டும். ரெண்டு கழண்டதும் நிறுத்திடணும். மூணாவதும் கழண்டுச்சுன்னா, வெக்கப்பட்டுக்கிட்டுத் தொட்டி அடியில போய் உக்காந்துக்கும். அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் மேல வராது."

இரண்டு சட்டை எப்போது கழண்டது என்று சொல்ல ஒரு இயந்திரம் உண்டு. அது பெரிய ஆபீஸ் இருக்கிற ஊரில் இருந்தது. இங்கிருந்து சீசாவில் சாறு அனுப்பினால் பதில் வர இரண்டு நாள் ஆகும். தொட்டி இரண்டு நாள் காத்திருக்காது. அதனால்தான் நாக்கு. பொடி போட்ட சாறு முதலில் லேசாக இனிக்கும். பிறகு நாக்கின் நுனியில் கசப்பு தட்டும். கசப்பு மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து அடிநாக்குக்கு வந்து உட்காரும்போது ஆவியைத் திறந்துவிட வேண்டும். விட்டுவிட்டால் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்தில் கசப்பும் போய்விடும், இனிப்பும் போய்விடும். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒரு சப்பை நீர்தான் மிஞ்சும். பொடி போட்ட நேரத்தை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்லலாமே என்றால், ஒவ்வொருவர் தோட்டத்து வேருக்கும் ஒரு குணம். ஒன்று பதினெட்டு மணி நேரத்தில் வரும், ஒன்று இருபத்திரண்டு கேட்கும்.

போன மழைக்காலத்தில், வேர் வராமல் தொட்டிகள் காலியாக இருந்தபோது, அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஊரில் எல்லாருக்கும் வந்ததுதான், எல்லாருக்கும் போனதுதான். அவனுக்கும் போனது, போகும்போது நாக்கையும் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. அவன் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பால் தீய்கிற வாடை அங்கே வரைக்கும் வந்தது. ஓடிவந்து பார்த்தால் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி அவன் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறான், பாத்திரம் கரியாகப் புகைகிறது. அவள் அவனைப் பார்த்தாள். அவன் பேப்பரை மடித்து வைத்தான்.

"வாய்க்குள்ள துணி அடைச்ச மாதிரி இருக்கு" என்றான். "சரியாயிடும், சரியாயிடும்னு ஒரு மாசமா பாக்கிறேன். எல்லாமே வெறும் தண்ணியா இருக்கு."

மேனேஜரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் அவள் முதலில் சொன்னாள். அவன் கேட்கவில்லை. நாக்கு போன நாக்குக்குக் கம்பெனியில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்டான். மூட்டை தூக்குகிற வயதும் தாண்டிவிட்டது. அதைவிட, தம்பி நாக்கை நம்பி வேர் வைத்திருக்கிற அக்காவுக்கு என்ன சொல்வது என்று கேட்டான்.

ஆகவே அவள் அவனுடைய நாக்கானாள். காதும் காதும் வைத்தாற்போல நடந்தது. சாப்பாட்டு நேரத்திலும் தேநீர் நேரத்திலும் சின்ன டம்ளரில் சாற்றைக் கொண்டுவருவான். கொட்டகைக்குப் பின்னால், காலிக் கூடைகள் அடுக்கியிருக்கிற இடத்தில் அவள் ஒரு வாய் வாங்கி, நாக்கில் புரட்டி, துப்பிவிட்டுச் சொல்வாள். நுனி என்பாள், நடு என்பாள், அடி வந்தாச்சு என்பாள். அவன் எதுவும் நடக்காததுபோல உள்ளே போய் ஆவியைத் திறப்பான். நாலு மாதம், பதினேழு தொட்டி. ஒன்றுகூடத் தப்பவில்லை. பதினேழாவதற்குப் பெரிய ஆபீஸிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மேனேஜர் அதைத் தொட்டிக்கூடத்தில் எல்லார் முன்னாலும் படித்து அவனுக்குக் கைகொடுத்தார். கழுவும் கொட்டகைக்காரர்களும் எட்டிப்பார்த்துக் கைதட்டினார்கள். அவளும்தான் தட்டினாள். உள்ளுக்குள் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, அதை மறைப்பானேன்.

பதினெட்டாவது தொட்டி அக்காவுடையது.

அவனுடைய அக்கா, அவளுக்கு அண்ணி. அம்மா அப்பா போனபிறகு தம்பியை வளர்த்து, கம்பெனியில் கொண்டுவந்து விட்டு, பெண் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அவள்தான். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் குத்தகை நிலத்தில் வேர் வைத்திருந்தாள். வேர் என்றால் லேசுப்பட்டதில்லை. மேலே நிழல்வலை கட்டி, ஆறு வருடம் காத்திருந்து, ஆறாம் வருடக் கடைசியில் ஒருமுறை தோண்டலாம். தோண்டிய மண்ணில் மறுபடி வைத்தால் அழுகிப்போகும். பத்து பதினைந்து வருடம் அந்த நிலம் அதற்கு ஆகாது. ஆகவே ஒருவருக்கு ஆயுளில் ஒரு தோண்டல், மிஞ்சினால் இரண்டு. அண்ணியின் புருஷன் நட்டுவைத்துவிட்டு இரண்டாம் வருடம் செத்துப்போனான். மீதி நாலு வருடமும் வலை கிழிந்தால் தைத்தது, பனிக்குப் புல் போர்த்தியது, எலிக்குக் காவல் இருந்தது எல்லாம் அண்ணி ஒருத்திதான். கம்பெனியில் வேரை எடை பார்த்து வாங்குவதில்லை. தொட்டியிலிருந்து என்ன சத்து கிடைக்கிறதோ அதற்குத்தான் விலை. அதனால் மற்ற தோட்டக்காரர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரிவார்கள். அண்ணி திரியவில்லை.

"எனக்கென்ன பயம். என் தம்பி நாக்கு இருக்கு" என்பாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட.

அந்த வேரைக் கழுவும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இந்த வருடத்தில் இதுபோல ஒன்று வரவில்லை என்று. கழுத்தில் வருடத்துக்கு ஒன்றாக ஆறு வரியும் எண்ணி எடுக்கலாம். காலெல்லாம் கெட்டியாக, வாசனை கூடை தாண்டி அடித்தது. யாரையும் தொடவிடாமல் முக்கால்வாசியை அவளே கழுவினாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பொடி போட்டார்கள். மறுநாள் கொட்டகையில் கழுவ வேர் இல்லை, அவளுக்கு லீவு. அவர்கள் வீடு கம்பெனிக்குப் பின்னால் வரிசை வீடுகளில் மூன்றாவது. அவன் மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட வரும்போது டம்ளரை வீட்டுக்கே கொண்டுவருவதாகப் பேச்சு. அதை விட்டால் மூன்று மணித் தேநீருக்குத்தான் கேட்டைத் திறப்பார்கள். காலையிலிருந்து அவள் வெறும் சோறு தவிர எதையும் வாயில் போடவில்லை. நாக்கைச் சுத்தமாக வைத்திருந்தாள்.

பன்னிரண்டரைக்கு அண்ணி வந்து நின்றாள். சொல்லாமல் கொள்ளாமல், தோளில் ஒரு பை பட்டாணிக்காயோடு.

"வீட்ல இருப்பே கொள்ளலடி. உள்ள விடமாட்டான்னு தெரியும். உங்க வீட்டுல உக்காந்திருந்தாலாவது பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும்" என்றாள்.

வாங்க அண்ணி என்று அவள் பையை வாங்கி வைத்தாள். இருவரும் உட்கார்ந்து பட்டாணி உரித்தார்கள். அண்ணி வாய் ஓயாமல் பேசினாள். தோண்டிய நாலு நாளும் தூங்கவில்லை என்றாள். கடைசிப் பாத்தியைத் தோண்டும்போது அவரை நினைத்துக்கொண்டேன் என்றாள். இனி அந்த நிலத்தை விட்டுவிட்டு, வருவதை வைத்து இவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்க்கலாமா என்று கேட்டாள். வயசாகுது, தம்பி பக்கத்துல இருந்தா தேவலை என்றாள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணிக்கு அவன் வந்தான், கையில் டம்ளர். வாசலில் அக்காவின் செருப்பைப் பார்த்துத் திரும்பியிருப்பான். அதற்குள் அக்கா அவனைப் பார்த்துவிட்டாள்.

"என்னடா அது கையில?"

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். அந்த நேரத்தில் இருவரில் ஒருவர் வாயைத் திறந்து, அக்கா, விஷயம் இப்படி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அண்ணி அடித்திருப்பாளா, வைதிருப்பாளா, அழுதிருப்பாளா, என்ன செய்திருந்தாலும் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். இதைப் பின்னால் அவள் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்தாள்.

"உன் வேர்தான்க்கா" என்றான் அவன், சிரித்தபடி. "உனக்குக் காட்டலாம்னு கொண்டு வந்தேன்."

அண்ணியின் முகம் மலர்ந்துபோனது. பட்டாணியை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து, கையைப் புடவையில் துடைத்து, டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டாள். ஒரு சொட்டு மிச்சமில்லை.

"எப்படி இருக்கு அண்ணி?" என்று கேட்டாள் அவள். தன் குரல் தனக்கே யாரோ பேசுவதுபோல இருந்தது.

"இனிக்குதுடி" என்றாள் அண்ணி. கண் கலங்கியிருந்தது. "தேன் மாதிரி இனிக்குது."

கசக்கவில்லையா, நுனியிலாவது, அடியிலாவது என்று அவள் சிரிப்போடு சிரிப்பாகக் கேட்டும் பார்த்தாள். கசப்பா, என் வேரா என்று அண்ணி அவள் கன்னத்தில் செல்லமாகத் தட்டினாள். வேரோடு வேராகக் கிடந்தவள் நாக்கு தப்பாகச் சொல்லுமா என்று அவளுக்குத் தோன்றியது. இனிப்பு இருக்கிறதென்றால் நேரம் இருக்கிறது. வாசலில் நின்ற புருஷனைப் பார்த்து, இன்னும் இல்லை என்று லேசாகத் தலையை ஆட்டினாள். அவன் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டதாகப் பெயர் பண்ணிவிட்டுப் போனான்.

இரண்டு மணிக்கு அண்ணிக்குத் தூக்கம் சொக்கியது. நாலு நாள் தூக்கம். அவள் மடியிலேயே தலையை வைத்துக் காலை முடக்கிப் படுத்து, அடுத்த நிமிடம் குறட்டை விட்டாள். தலைமுடியில் இன்னும் தோட்டத்து மண் இருந்தது. அவள் அதை விரலால் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்படி எடுக்கும்போதுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வருடமும் அண்ணி ஒரு வேரைப் பிடுங்கிப் பார்ப்பாள், பிடுங்கியதை வீணாக்காமல் பச்சையாகவே மென்று தின்பாள். முறிந்தது, எலி கடித்தது எல்லாவற்றையும் அப்படித்தான். வாயை வைக்க முடியாத கசப்பு அது. அண்ணி கடலை கொறிப்பதுபோலக் கொறிப்பாள். அந்த வாய்க்கு எது கசக்கும்?

எழுந்து ஓடலாம் என்றால் மடியில் தலை. ஓடினாலும் கேட்டுக்கு வெளியில் நின்று என்ன சொல்லி அவனைக் கூப்பிடுவது? உட்கார்ந்தே இருந்தாள். இரண்டரையாயிற்று. இரண்டே முக்கால் ஆயிற்று.

மூன்று மணிக்கு அவன் வந்தான். அக்கா தூங்குவதைப் பார்த்து அவனுக்கு நிம்மதி. பூனைபோல உள்ளே வந்து குனிந்து டம்ளரைக் கொடுத்தான். அவள் ஒரு வாய் வாங்கினாள். நுனியில் இல்லை. நடுவில் இல்லை. அடியில் இல்லை. சுண்ணாம்புத் தண்ணீர். அவள் இன்னொரு வாய் குடித்தாள், இன்னொரு வாய் குடித்தாள், துப்ப மறந்து எல்லாவற்றையும் குடித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தபடி முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். அவளுக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவன் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மடியில் அண்ணி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் போய் ஆவியைத் திறந்தான். பதமான நேரத்தில் திறந்ததுபோலப் பதிவேட்டில் குறித்தான். நாலாம் நாள் பெரிய ஆபீஸிலிருந்து, சாற்றில் சத்தே இல்லை என்று தாள் வந்தது. தொட்டி அடியில் சேறு இருந்ததைச் சோதனைக்கூடத்துப் பெண் பார்த்திருந்தாள். நேரம் தப்பியிருக்குமோ என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியும் பார்த்தாள். மேனேஜர் அவளை அடக்கிவிட்டார். பதினேழு தொட்டி தப்பாத நாக்கு, சொந்த அக்கா வேருக்கா தப்பும் என்றார். வேரில் சத்தில்லை, வெளியில் பார்க்கத்தான் கொழுகொழுவென்று இருக்கிறது என்று எழுதி, மிச்சத்தைச் சாக்கடையில் விட்டார்கள். அவன் பக்கத்தில்தான் நின்றான். விலை ஒன்றும் இல்லை என்று அண்ணிக்குச் சீட்டுப் போனது.

வீட்டில் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசுவதற்கு வாயெடுத்தால் அவன் வெளியே போய்விடுவான். புதிய தொட்டிகளுக்கு டம்ளர் கொண்டுவந்தான், அவள் நுனி, நடு, அடி சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து அண்ணி வந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். வந்ததும் வழக்கம்போலக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அவளே சமைத்தாள். சமைத்துக்கொண்டே தன் தப்புகளைச் சொன்னாள். போன வருடம் காற்றில் வலை பிய்ந்தபோது இரண்டு நாள் கழித்துத்தான் தைத்தாள், அந்த இரண்டு நாள் வெயில் வேருக்குள் இறங்கிவிட்டது. நாலாம் வருடம் கூடுதலாகத் தண்ணீர் விட்டுவிட்டாள். இல்லை, அவர் விதை வாங்கும்போதே ஏமாந்துவிட்டார். குழம்பைக் கிளறிக்கொண்டே ஒவ்வொரு வருடமாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு குற்றம் கண்டுபிடித்தாள். அடுப்புச் சூட்டில் முகம் வேர்த்திருந்தது.

அவளால் தாங்க முடியவில்லை. இந்தப் பாரத்தையாவது இறக்கிவிடலாம் என்றுதான் நினைத்தாள், வேறு எதையும் நினைக்கவில்லை.

"வேர் மேல குத்தமில்ல அண்ணி" என்றாள். "அவருக்கு நாக்கு செத்துப்போச்சு. காய்ச்சல் வந்ததுலேர்ந்து ஒண்ணுமே தெரியல. நாலு மாசமா நான்தான் ருசி பாத்துச் சொல்லிக்கிட்டிருந்தேன். உங்க வேருக்கு நேரம் தப்பிடுச்சு. அவ்வளவுதான். உங்க வேர் நல்ல வேர்."

அண்ணி அடுப்பைத் தணித்தாள். ஓவென்று கத்துவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். அண்ணி கத்தவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவள்போல நின்றாள்.

"நீ பாத்துச் சொல்றேன்னா எப்படித் தப்பும்? நீ வீட்லதானே இருந்தே. நானும் கூடவேதான் இருந்தேன்."

அவள் கீழே கிடந்த வெங்காயத் தோலைப் பொறுக்கினாள்.

"ஒரு மணிக்கு டம்ளர்ல கொண்டு வந்தானே."

இல்லை அண்ணி, அது வேற என்று சொல்லத்தான் அவள் நினைத்தாள். வாய் வரவில்லை. வராத அந்தக் கொஞ்ச நேரமே அண்ணிக்குப் போதுமானதாக இருந்தது.

"அது உனக்குக் கொண்டு வந்ததா?"

கரண்டியிலிருந்து குழம்பு அடுப்பில் சொட்டியது. அண்ணி அதைப் பார்த்துவிட்டுத் துணியை எடுத்துத் துடைத்தாள். நன்றாகத் தேய்த்துத் துடைத்தாள்.

"எனக்கு இனிச்சுதுடி" என்றாள். "சத்தியமா இனிச்சுது."

வாசலில் அவன் கால் கழுவும் சத்தம் கேட்டது. வா அக்கா, எப்ப வந்தே என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தான், அக்காவின் முகத்தைப் பார்க்காமல். அண்ணி தட்டை எடுத்து வைத்துச் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். அவன் வேகவேகமாகப் பிசைந்து சாப்பிட்டான். அவன் நாலு வாய் சாப்பிடும் வரைக்கும் அண்ணி எதிரில் நின்றாள்.

"உப்பு, உறைப்பு எல்லாம் சரியா இருக்காடா தம்பி?"

"உன் கைச் சமையலுக்குக் கேக்கணுமாக்கா" என்றான் அவன். "ருசி அப்படியே வாயிலேயே நிக்குது."

"அப்ப இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று சொல்லி, அண்ணி குனிந்து அவன் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.